முதுமையைத் தள்ளிப்போடும் மாத்திரை விற்பனை குறித்து எங்கள் சங்கச் செயலவைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர், பொருளாளர், செயலவை உறுப்பினர்கள் அனைவருக்கும்,

சென்ற மாதக் கூட்டத்தன்று நம் சங்க மண்டபத்திலேயே, நம் சங்கத்தின் பெயர்ப் பலகைக்குக் கீழேயே மேசை போட்டு, முதுமையைத் தாமதப்படுத்தும் என்று சொல்லப்படும் இரண்டு வகை மாத்திரைகளை விற்க ஒரு நேரடி விற்பனை நிறுவனத்துக்கு நீங்கள் அனுமதி கொடுத்தீர்கள். அதோடு நில்லாமல், விற்கும் ஒவ்வொரு போத்தலுக்கும் ஒரு தொகை சங்கத்தின் நலநிதிக்கு வந்து சேரும் என்று ஒப்புக்கொண்டீர்கள். அந்த விற்பனைக்கு இடமும் நேரமும் வேண்டும் என்பதற்காக, மாதந்தோறும் நடந்துவந்த இரத்த அழுத்தப் பரிசோதனையையும் சர்க்கரைப் பரிசோதனையையும் நிறுத்தி வைத்திருக்கிறீர்கள். இந்த முடிவை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. செயலாளரிடம் எழுத்து மூலமாகக் கொடுத்த ஆட்சேபத்துக்குப் ‘பிறகு பேசிக்கொள்ளலாம்’ என்ற வாய்மொழிப் பதில் மட்டுமே கிடைத்தபடியால், உறுப்பினர்கள் எல்லோரும் படிக்கும்படி இதை எழுதுகிறேன்.

நான் பினாங்குத் தீவிலும் அக்கரையில் பட்டர்வொர்த் பக்கத்திலும் அரசாங்க மருந்தகங்களில் நெடுங்காலம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். மருந்துச் சீட்டோடு சன்னலுக்கு முன்னால் வந்து நிற்கும் நம்மவர்கள் எதைக் கேள்வி கேட்பார்கள், எதைக் கேட்காமல் விழுங்குவார்கள் என்பதைப் பார்த்துப் பழகியவள். மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரையைச் சந்தேகத்தோடு திருப்பித் திருப்பிப் பார்க்கிறவர்கள்கூட, நம்பிக்கையான ஒருவர் கையில் கொடுக்கும் மாத்திரையைச் சந்தேகிக்க மாட்டார்கள். அன்றைய மேசையில் அந்த நம்பிக்கையைக் கொடுத்தது சங்கம். விற்பனைப் பிரதிநிதியை நம் உறுப்பினர்களில் பலருக்கு அன்றுதான் தெரியும். ஆகவே என் முறையீடு அந்த நிறுவனத்திடம் போகாமல் உங்களிடம் வருகிறது.

அன்று திரையில் காட்டப்பட்ட ஒப்பீட்டு அட்டவணையை முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஒரு பக்கம் என்எம்என் எனப்படும் நிகோடினமைட் மோனோநியூக்ளியோடைட். மறுபக்கம் என்ஆர் எனப்படும் நிகோடினமைட் ரைபோசைட். எது சீக்கிரம் உடலில் சேரும், எது ஒரு படி முன்னால் நிற்கிறது, எதற்குப் பின்னால் பெரிய பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கிறது, எது இனிப்பு நீர் (நீரிழிவு) உள்ளவர்களுக்கு, எது இதய நோயாளிகளுக்கு என்று வரிசையாகப் பச்சைக் குறிகள் போட்டிருந்தார்கள். முடிவில் அந்தப் பிரதிநிதி, உங்களுக்கு எது பொருந்துமோ அதைத் தேர்ந்தெடுங்கள், இரண்டையும் சேர்த்து எடுத்தால் இன்னும் நல்லது என்றார். எதையும் எடுக்காமல் இருக்கலாம் என்ற மூன்றாவது வழிக்கு அந்த அட்டவணையில் ஒரு கட்டம்கூட இல்லை. எது சிறந்தது என்று கேட்கத் தொடங்கிய ஒருவர், ஏதாவது ஒன்று வேண்டும் என்பதை அதற்குள்ளாகவே ஒப்புக்கொண்டுவிடுகிறார். இதைச் செயலவை கவனித்திருக்க வேண்டும்.

இரண்டும் என்ன பொருள்கள் என்பதை விளங்கும்படி சொல்ல முயல்கிறேன். நம் உடலின் ஒவ்வோர் உயிரணுவிலும் என்ஏடி என்ற துணைநொதி இருக்கிறது. உண்ட உணவைச் சக்தியாக மாற்றவும், சிதைந்த மரபணு இழைகளைச் சீர்செய்யவும் அது தேவைப்படுகிறது. 1906-இல் ஆர்தர் ஹார்டனும் வில்லியம் யங்கும் ஈஸ்ட்டின் நொதித்தலை ஆராய்ந்தபோதே இப்படி ஒன்று இருப்பது தெரியவந்தது. ஆகவே அன்று சொல்லப்பட்டதுபோல இது அண்மைக் காலக் கண்டுபிடிப்பு ஆகாது. வயது ஏற ஏறப் பல திசுக்களில் இதன் அளவு குறைவதாக ஆய்வுகள் கூறுகின்றன. குறைந்ததை ஈடுகட்டினால் முதுமையோடு வரும் கேடுகளும் குறையுமா என்று ஆய்வாளர்கள் கேட்டார்கள். அது நியாயமான கேள்வி. அதை நான் குறை சொல்லவில்லை. உடல் என்ஏடியைத் தயாரிக்க வைட்டமின் பி3 குடும்பத்தைச் சேர்ந்த மூலப்பொருள் வேண்டும். என்ஆர், என்எம்என் இரண்டுமே அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை. என்ஆர் மூலக்கூறோடு ஒரு பாஸ்பேட் சேர்ந்தால் என்எம்என் ஆகும். என்எம்என் இன்னும் ஒரு படி மாறினால் என்ஏடி ஆகும்.

என்எம்என் ஒரு படி முன்னால் நிற்கிறது, ஆகவே அதற்கு விலையும் அதிகம், பலனும் அதிகம் என்று பிரதிநிதி அழுத்தமாகச் சொன்னார். பாஸ்பேட் ஒட்டியிருக்கும் நிலையில் என்எம்என் பெரும்பாலும் உயிரணுவுக்குள் நுழைய முடிவதில்லை என்பதை அவர் சொல்லவில்லை. வெளியிலேயே பாஸ்பேட்டைக் கழற்றிவிட்டு, என்ஆர் ஆக மாறி உள்ளே போய், அங்கே மறுபடியும் அதை ஏற்றுக்கொள்கிறது. நேரடியாக நுழைவதற்கு எலியின் குடலில் தனி வாயில் இருப்பதாக 2019-இல் ஒரு குழு எழுதியது. வேறு ஆய்வாளர்கள் அதை மறுத்தார்கள். அந்த வாதம் எப்படி முடிந்தாலும் சரி, வாய்வழியாக விழுங்கும்போது இரண்டிலுமே கணிசமான பகுதி குடலிலும் கல்லீரலிலும் உடைந்து சாதாரண நிகோடினமைட் ஆகிவிடுகிறது. அது பல பத்தாண்டுகளாக மலிவாகக் கிடைத்துவரும் பி3 வைட்டமின். ஜார்ஜ்டவுனிலிருந்து பட்டர்வொர்த்துக்குப் பாலத்தில் போவதா ஃபெர்ரியில் போவதா என்று அன்று நம்மை ஒரு மணி நேரம் யோசிக்க வைத்தார்கள். அக்கரையில் நமக்கு என்ன காரியம் என்று யாரும் கேட்கவில்லை.

அந்தக் கேள்வியை மனிதர்களிடம் நடந்த ஆய்வுகளை வைத்தே கேட்போம். என்ஆர் குறித்து 2018-இல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகக் குழு வெளியிட்ட ஆய்வில் 55 முதல் 79 வயது வரையிலான 24 பேர், ஆறு வாரம் தினமும் 1000 மில்லிகிராம் எடுத்துக்கொண்டார்கள். இரத்த அணுக்களில் என்ஏடி ஏறத்தாழ 60 விழுக்காடு கூடியது. பெரிய தொந்தரவு எதுவும் வரவில்லை. இரத்த அழுத்தம் சற்று உயர்ந்திருந்தவர்களிடம் அது கொஞ்சம் இறங்குவதற்கான அறிகுறி தெரிந்தது. அதைப் பெரிய ஆய்வில் சோதிக்க வேண்டும் என்று அவர்களே எழுதினார்கள். இந்த அறிகுறிதான் நம் மண்டபத்துத் திரையில் ‘இதய நோயாளிகளுக்கு’ என்ற பச்சைக் குறியாக வந்து நின்றது. அதே ஆண்டில் டென்மார்க்கில், உடற்பருமனும் இன்சுலின் எதிர்ப்பும் (இன்சுலினுக்கு உடல் சரியாக இணங்காத நிலை) உள்ள 40 ஆண்களைக் கொண்டு ஓர் ஆய்வு வெளிவந்தது. மாத்திரை பெற்றவர்களுக்கு 12 வாரம் தினமும் 2000 மில்லிகிராம் என்ஆர் கொடுத்தும், இன்சுலின் வேலை செய்யும் விதத்தில் முன்னேற்றம் இல்லை. 2019-இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் முதிய ஆண்கள் 12 பேரைக் கொண்டு மூன்று வாரம் சோதித்தார்கள். தசையில் என்ஏடி சார்ந்த வேதிப்பொருள்களின் அளவு மாறியது. தசை சக்தியை உற்பத்தி செய்யும் திறன் மாறவில்லை.

என்எம்என் பக்கம் வருகிறேன். 2021-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகக் குழு, மாதவிடாய் நின்ற, உடல் எடை கூடிய, சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலையில் இருந்த 25 பெண்களைச் சேர்த்தது. அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு 10 வாரம் தினமும் 250 மில்லிகிராம் என்எம்என் கொடுத்து, மற்றவர்களுக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை கொடுத்து ஒப்பிட்டார்கள். என்எம்என் எடுத்தவர்களின் தசை இன்சுலினுக்கு முன்பைவிட நன்றாக இணங்கியது. அது உண்மையான, கவனிக்க வேண்டிய முடிவு. ஆனால் அதே ஆய்வில் இரத்தச் சர்க்கரை இறங்கவில்லை. இரத்த அழுத்தம் இறங்கவில்லை. கொழுப்பின் அளவுகள் சீராகவில்லை. கல்லீரல் கொழுப்பும் குறையவில்லை. அந்தப் பெண்களில் ஒருவரும் நீரிழிவு மருந்தை என்எம்என்னுக்கு மாற்றிக்கொண்டவர் இல்லை. அவர்கள் இன்னும் நீரிழிவு நிலைக்கே வராதவர்கள். 2023-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில் 40 முதல் 65 வயது வரையிலான 80 பேர் 60 நாள் பங்கெடுத்தார்கள். என்எம்என் எடுத்தவர்களிடம் இரத்தத்தில் என்ஏடி கூடியது, ஆறு நிமிடத்தில் நடக்கும் தூரமும் கூடியது. இதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இவ்வளவையும் கூட்டிப் பார்த்தால் கையில் நிற்பது இதுதான்: சில பத்துப் பேர், சில வாரங்கள், இரத்தத்தில் ஒரு வேதிப்பொருளின் அளவு கூடியது, அங்கங்கே ஒன்றிரண்டு நல்ல அறிகுறிகள். இவற்றை எடுத்ததால் முதுமை தள்ளிப்போனது, மறதி நோய் வராமல் நின்றது, கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிவது குறைந்தது, ஆயுள் நீண்டது என்று மனிதர்களிடம் இதுவரை யாரும் நிறுவவில்லை. எலிகளிடமும் விஷயம் தெளிவாக இல்லை. வயதான எலிகளுக்கு என்ஆர் கொடுத்தபோது ஆயுள் சற்று நீண்டதாக 2016-இல் ஓர் ஆய்வு வந்தது. பிறகு அமெரிக்க தேசிய முதுமையியல் நிறுவனத்தின் சோதனைத் திட்டத்தின் கீழ் மூன்று ஆய்வகங்களில் ஒரே நேரத்தில் சோதித்தபோது ஆணிலும் பெண்ணிலும் ஆயுள் கூடவில்லை என்று 2021-இல் அறிவித்தார்கள்.

என் வேலைக்காலத்தில் இதே கதையை வேறொரு பெயரில் பார்த்திருக்கிறேன். திராட்சைத் தோலில் உள்ள ரெஸ்வெரட்ரால் முதுமைக்கு மருந்து என்று உலகமெங்கும் பேசினார்கள். அது குறித்த ஆய்வை நம்பித் தொடங்கிய ஒரு நிறுவனத்தை கிளாக்ஸோ ஸ்மித்கிளைன் என்ற பெரிய மருந்து நிறுவனம் 2008-இல் 72 கோடி அமெரிக்க டாலருக்கு வாங்கியது; 2013-இல் அதன் அலுவலகத்தை மூடிவிட்டது. அந்தச் சில ஆண்டுகளுக்குள் மருந்தகச் சன்னலில் என்னிடம் அதைக் கேட்டு வந்த பெரியவர்கள் எத்தனையோ பேர்.

‘எப்படியும் எனக்கு இரண்டில் ஒன்று வேண்டும், எது என்று சொல்லுங்கள்’ என்று கூட்டம் முடிந்த பிறகு சிலர் என்னைக் கேட்டார்கள். அவர்களுக்குச் சொன்னதை இங்கும் சொல்கிறேன். என்ஆர் பற்றி மனிதர்களிடம் நடந்த பாதுகாப்பு ஆய்வுகள் சற்று முன்னதாகத் தொடங்கின. ஐரோப்பிய ஒன்றியம் 2020-இல் அதைப் புதுவகை உணவுப் பொருளாகப் பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 300 மில்லிகிராம் வரை அனுமதித்தது. அது பாதுகாப்புக் குறித்த அனுமதி. முதுமையைத் தடுக்கும் என்ற சான்றிதழ் ஆகாது. என்எம்என் பக்கம் அந்தத் தசை ஆய்வு இருக்கிறது. அமெரிக்காவில் அதை ஊட்டச்சத்துப் பொருளாக விற்கக்கூடாது என்று 2022-இல் அங்குள்ள உணவு மருந்து நிர்வாகம் சொன்னது, மருந்தாக ஆராயப்படுகிறது என்பதே காரணம். 2025-இல் அந்த நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டது. ‘அமெரிக்க அரசாங்கமே அங்கீகரித்துவிட்டது’ என்று நம் மண்டபத்தில் அறிவித்தார்களே, அது இந்த மாற்றத்தைத்தான். விற்பதற்குத் தடையில்லை என்பதற்கும் பலன் நிரூபிக்கப்பட்டது என்பதற்கும் உள்ள தூரத்தை அங்கே உட்கார்ந்திருந்த உங்களில் ஒருவராவது எழுந்து கேட்டிருக்கலாம். என் தீர்ப்பு, இரண்டில் எதற்கும் நம் உறுப்பினர்களின் பணம் போக வேண்டியதில்லை என்பதே. ஒரு போத்தல் 300 ரிங்கிட்டுக்கும் மேல். முப்பது நாளில் தீர்ந்துவிடும். சமூகநல இலாகாவின் முதியோர் உதவித்தொகையாக மாதம் 600 ரிங்கிட் பெறுகிறவர்களும் அன்று வரிசையில் நின்றார்கள்.

பணம் போனதோடு நின்றிருந்தால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். நம் உறுப்பினர் ஒருவர், கணவரை இழந்தவர், துப்புரவு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், அன்று என்எம்என் போத்தல் ஒன்று வாங்கினார். சில வாரம் கழித்து அவர் வீட்டுக்குப் போனேன். முகம் வாடி, தண்ணீர் தண்ணீராகக் குடித்துக்கொண்டிருந்தார். மருந்தைக் காட்டுங்கள் என்றேன். அலமாரியிலிருந்து பிஸ்கட் டின்னை எடுத்துத் திறந்தார். கிளினிக்கில் கொடுத்த பிளாஸ்டிக் பை, சாப்பாட்டுக்குப் பின் இத்தனை என்று மலாயில் அச்சடித்த வெள்ளை ஒட்டுத்தாள், அதற்குள்ளே மெட்ஃபார்மின் என்ற நீரிழிவு மாத்திரை அட்டைகள் ரப்பர் வளையம்கூடக் கழற்றாமல் அப்படியே இருந்தன. ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டதற்கு, “அதுவே இன்சுலினச் சரி பண்ணுதாமே தங்கச்சி, அப்புறம் எதுக்கு ரெண்டு மருந்து? நம்ம சங்கத்துலதானே சொன்னாங்க” என்றார். விரலில் குத்திப் பார்த்தபோது வெறும் வயிற்றுச் சர்க்கரை (மில்லிமோல் கணக்கில்) 15-ஐத் தாண்டியிருந்தது. பரிசோதனை மேசையில் அவருடைய அளவு எப்போதும் எட்டுக்குள் இருக்கும். அன்றே கிளினிக்குக்குக் கூட்டிப்போனோம், இப்போது தேறிவருகிறார்.

அவர் கேட்டது நியாயமான கேள்வி. இன்சுலினைச் சரிசெய்யும் என்று ஒரு மேடையிலிருந்து சொன்னால், கேட்கிறவர் வேறு எப்படிப் புரிந்துகொள்வார்? மேடையில் சொல்லப்பட்டது, நீரிழிவே இல்லாத பெண்களிடம், சர்க்கரையைக் குறைக்காத ஓர் ஆய்விலிருந்து எடுக்கப்பட்டது. நாட்டின் 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசிய இந்தியப் பெரியவர்களில் நூற்றுக்கு 31 பேருக்கு நீரிழிவு இருந்தது. எல்லா இனத்தவரிலும் அதுவே மிக அதிகம். இது பெரியவர்களில் இளம் வயதினரையும் சேர்த்த கணக்கு. நம் சங்கத்தில் இருப்பவர்கள் எல்லோரும் மூத்தவர்கள். அப்படிப்பட்ட கூட்டத்தில் இந்தப் பேச்சைப் பேச விட்டால் யார் யார் மாத்திரையை நிறுத்துவார்கள் என்பதை ஊகிக்கப் பெரிய படிப்பு தேவையில்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. பி3 அளவுக்கு மிஞ்சும்போது உடல் அதைக் கழிவாக மாற்றுகிறது. அந்தக் கழிவுப் பொருள்களில் ஒன்றான 4பிஒய் கூடுதலாக இருப்பவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாத ஆபத்தும் கூடுதலாகக் காணப்படுவதாக 2024-இல் அமெரிக்காவின் கிளீவ்லண்ட் கிளினிக் குழு எழுதியது. இந்த மாத்திரைகள்தான் மாரடைப்பை உண்டாக்குகின்றன என்று அதற்குப் பொருள் இல்லை. அப்படிச் சொல்லி நான் யாரையும் பயமுறுத்த மாட்டேன். ஆனால் சிறுநீரகம் பழுதுபட்டவர்களின் உடலில் அந்தக் கழிவு வெளியேறாமல் தேங்கும் என்பது ஏற்கெனவே தெரிந்த செய்தி. டயாலிசிஸுக்குப் போய்வரும் உறுப்பினர்கள் இருவரும் அன்று வாங்கியிருக்கிறார்கள். அவர்களிடம் சிறுநீரகம் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்தப் போத்தலை வாங்கி வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். முன்பக்கம் பெரிய எழுத்தில் 500 மில்லிகிராம் என்று இருக்கிறது. பின்பக்கத்தில் பொடி எழுத்தில், அது இரண்டு கேப்சூலுக்கான அளவு என்று இருக்கிறது. சுகாதாரத் துணைப்பொருளாகப் பதிவு செய்யப்பட்ட எந்தப் பொருளிலும் இருக்க வேண்டிய, ‘மால்’ என்று தொடங்கி எட்டு இலக்கங்களும் கடைசியில் ‘என்’ என்ற எழுத்தும் கொண்ட பதிவு எண் எங்கும் இல்லை. அதோடு வரும் ஹோலோகிராம் ஒட்டுத்தாளும் இல்லை. இரண்டு போத்தல்களிலும் இதே நிலைதான். பிரதிநிதியைக் கேட்டால் இது உணவுப் பொருள், எண் தேவையில்லை என்கிறார். உணவுப் பொருள் என்றால் நீரிழிவு, இரத்த அழுத்தம், இதயம் என்று ஏன் பேசினார்? 1956-ஆம் ஆண்டின் மருந்துகள் விளம்பரம், விற்பனைச் சட்டம், நீரிழிவு, இரத்தக் கொதிப்பு, இதய நோய், சிறுநீரக நோய் ஆகியவற்றைக் குணப்படுத்தும் அல்லது தடுக்கும் என்று பொதுமக்களிடம் விளம்பரம் செய்வதைத் தடைசெய்கிறது. சுகாதார அமைச்சின் மருந்து விளம்பர வாரியம் ஒப்புதல் கொடுத்த விளம்பரங்களில் அதற்கான எண் அச்சிடப்பட்டிருக்கும். நம் மண்டபத்துத் திரையிலும், கையில் கொடுத்த தாளிலும், நம் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் செயலாளர் பகிர்ந்த படத்திலும் அந்த எண் இல்லை. பதிவு எண் அசலானதா என்பதைத் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்தின் இணையத்தளத்தில் யார் வேண்டுமானாலும் ஐந்து நிமிடத்தில் சரிபார்க்கலாம். மேசை போட அனுமதிப்பதற்கு முன் நீங்கள் இதைச் செய்திருக்க வேண்டும்.

நலநிதியில் பணம் குறைவு, மரண சகாய நிதிக்கும் பிள்ளைகளின் பள்ளி உதவிக்கும் வழி வேண்டும் என்று பொருளாளர் கவலைப்படுவதை நான் அறிவேன். அந்தக் கவலை உண்மையானது. ஆனால் உறுப்பினரின் உடல்நலத்தைக் கவனிக்கவென்று வைத்திருக்கும் நிதி, அதே உறுப்பினருக்குத் தேவையில்லாத மாத்திரையை விற்றுக் கிடைக்கும் கமிஷனால் வளர்வது எப்படிச் சரியாகும்? விருந்து வைத்து நன்கொடை கேளுங்கள், சந்தாவை உயர்த்துங்கள். நான் முதல் ஆளாகக் கொடுக்கிறேன். யாரையும் வற்புறுத்தவில்லை, விரும்பியவர்கள் வாங்கினார்கள் என்றும் சொல்கிறீர்கள். வாங்கியவர்களின் பெயர்களை வாழ்த்தோடு புலனக் குழுவில் போட்டீர்கள். வாங்காதவர்களுக்கு அது என்ன செய்தி சொல்லும் என்பதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

நிறுத்தப்பட்ட அந்தப் பரிசோதனை மேசையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அதனால் பயன் பெற்றவர்கள் உங்களிலேயே இருக்கிறார்கள். ஓய்வுபெற்ற தாதியர் இருவர் ஊதியம் வாங்காமல் செய்த வேலை அது. கொதிப்பு ஏறியிருப்பதே தெரியாமல் தேநீர் குடிக்க வந்தவர்களை அவர்கள் கண்டுபிடித்து கிளினிக்குக்கு அனுப்பியிருக்கிறார்கள். இரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைத்தால் பக்கவாதம் குறையும் என்பது எலியிடம் பார்த்த செய்தி இல்லை. பல்லாயிரக்கணக்கான மனிதர்களிடம் பல ஆண்டுகள் நடந்த ஆய்வுகள் உறுதி செய்தது. ஆரோக்கியமாக முதுமை அடைய வேண்டும் என்பது உங்கள் நோக்கமானால், அதற்கு நம்மிடம் இருந்த நல்ல கருவியை எடுத்துவிட்டு இதை வைத்திருக்கிறீர்கள்.

ஆகவே நான் கேட்பவை இவை. முதலாவதும் மிக அவசரமானதும், அடுத்த கூட்டம் வரை காத்திராமல் இந்த வாரத்திலேயே செய்ய வேண்டியதும் இது: போத்தல் வாங்கிய ஒவ்வோர் உறுப்பினரையும் செயலவையைச் சேர்ந்த ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டு, மருத்துவர் கொடுத்த மருந்தில் எதையும் நிறுத்தவோ குறைக்கவோ கூடாது என்று நேரில் பேசுவதுபோல் சொல்ல வேண்டும். புலனக் குழுவிலும் அதைத் தலைவரின் பெயரில், தமிழில், குரல் பதிவாகவும் போட வேண்டும். நம்மில் பலருக்கு எழுத்தைப் படிக்கக் கண் ஒத்துழைப்பதில்லை. சிறுநீரக நோய் உள்ளவர்கள் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் இந்த மாத்திரைகளை எடுக்க வேண்டாம் என்பதையும் அதில் தனியாகச் சொல்ல வேண்டும்.

இரண்டாவதாக, அந்த நிறுவனத்தோடு செய்துகொண்ட ஏற்பாட்டை எழுத்து மூலம் முடித்துக்கொள்ளுங்கள். இதுவரை எத்தனை போத்தல் விற்றது, நலநிதிக்கு எவ்வளவு வந்தது என்ற கணக்கை உறுப்பினர்களுக்கு வெளியிடுங்கள். திறக்காத போத்தல்களைத் திரும்பப் பெற்றுப் பணம் கொடுக்கும்படி சங்கத்தின் பெயரில் அந்த நிறுவனத்தைக் கேளுங்கள். அவர்கள் மறுத்தால், நலநிதிக்கு வந்த கமிஷனை வாங்கியவர்களுக்கே பிரித்துக் கொடுங்கள். பதிவு எண் இல்லாத இந்தப் பொருள்கள் குறித்தும் அன்று காட்டப்பட்ட விளம்பரம் குறித்தும் சுகாதார அமைச்சின் மாநில மருந்து அமலாக்கப் பிரிவுக்குச் சங்கமே எழுத வேண்டும். நீங்கள் எழுதாவிட்டால் நான் எழுதுவேன் என்பதை இப்போதே தெரிவித்துவிடுகிறேன்.

மூன்றாவதாக, மாதாந்திரப் பரிசோதனை அடுத்த கூட்டத்திலேயே பழைய இடத்தில் தொடங்க வேண்டும். 2019 முதல் நடந்துவரும் பெக்கா பி40 திட்டத்தின் கீழ், வருமானம் குறைந்த, 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு இலவச உடல் பரிசோதனை உண்டு. நம் உறுப்பினர்களில் தகுதியுள்ள பலர் அதை இன்னும் பயன்படுத்தவில்லை. மைகார்டு (அடையாள அட்டை) எண்ணை வைத்துத் தகுதியைப் பார்த்துச் சொல்ல ஒரு மேசை போடுங்கள். அதில் உட்கார நான் தயார். அரசாங்க கிளினிக்கிலிருந்து மருந்தாளுநர் ஒருவரைத் தமிழில் பேச அழையுங்கள். உறுப்பினர்கள் வீட்டில் உள்ள எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்து அவரிடம் காட்டட்டும்.

கடைசியாக, சங்க வளாகத்தில் உடல்நலப் பொருள் எதையும் விற்கவோ விளம்பரப்படுத்தவோ கூடாது, அப்படிப்பட்ட நிறுவனங்களிடமிருந்து கமிஷன் வாங்கக் கூடாது என்ற தீர்மானத்தை வரும் ஆண்டுப் பொதுக்கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் சேர்க்கும்படி முறைப்படி கோருகிறேன். முன்மொழிய நான் இருக்கிறேன்; வழிமொழிய உறுப்பினர்கள் முன்வந்திருக்கிறார்கள். இந்தக் கோரிக்கைகள் ஒவ்வொன்றுக்கும் ஏற்கிறோம் அல்லது மறுக்கிறோம் என்ற பதிலை, மறுப்பதானால் அதற்கான காரணத்தோடு, அடுத்த மாதக் கூட்டத்துக்கு முன் எழுத்து மூலமாகத் தெரிவித்து, அதை உறுப்பினர்கள் எல்லோரும் பார்க்கும்படி அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சங்கத்தின் ஆயுள் உறுப்பினர்,
பினாங்கு